மண்ணைப் பார்த்து விண்ணில் பறந்தவர்

இந்திய வான்போக்குவரத்தின் தந்தை எனப் போற்றப்படுபவர் ஜே. ஆர். டி. டாட்டா. எஃகு ஆலைகளையும் பிற தொழில்களையும் நடத்திய பெருந்தொழிலதிபராகவே பலரும் அவரை அறிவர். ஆயினும் அவர் மனத்துக்கு மிக நெருக்கமாக இருந்தது, ஒற்றை எஞ்சின் பொருத்திய சிறு விமானத்தைத் தாமே ஓட்டிச் செல்லும் பணியாகும். அவர் பறக்கத் தொடங்கிய காலத்தில் அத்தகைய விமானங்களில் வானொலிக் கருவி கிடையாது. தரையிலிருந்து வழி சொல்வாரும் இல்லை. ஆறு, கடற்கரை, இருப்புப்பாதை, சாலை, ஊர் ஆகியவற்றைக் கண்ணால் கண்டு, மடிமீது விரித்த நிலப்படத்தோடு ஒப்பிட்டு, தாம் எங்கே இருக்கிறோம் என்பதை விமானியே உணர்ந்துகொள்ள வேண்டும். வானில் பறப்பதற்கு மண்ணை நன்கு அறிந்திருக்க வேண்டிய காலம் அது.

பிறப்பும் இளமையும்

ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா 1904ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 29ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா பார்சி வணிகக் குடும்பத்தைச் சேர்ந்தவர். தாய் சூசான் பிரெஞ்சுப் பெண்மணி. கோடைக்காலங்களில் இக்குடும்பம் வட பிரான்சின் கடற்கரை ஊராகிய ஆர்டலோவில் தங்குவது வழக்கம். அங்கே அவர்களுடைய வீட்டிற்கு அருகில் புகழ்பெற்ற விமானி லூயி பிளேரியோவின் வீடும் இருந்தது.

பிளேரியோ 1909ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் முதன்முதலாகக் கடந்தவர். அவருடைய விமானத்தில் திசைகாட்டிகூட இல்லை. கரையை விட்டு நீங்கியபின் சிறிது நேரம் பிரான்சும் தெரியவில்லை, இங்கிலாந்தும் தெரியவில்லை. நாற்புறமும் நீரே இருந்தது. பின்னர் மறுகரை புலப்பட்டபோது, காற்று தம்மைச் செல்லவேண்டிய இடத்திலிருந்து ஒருபுறமாகத் தள்ளிவிட்டதைக் கண்டார். கீழே சென்ற கப்பல்களின் போக்கை நோக்கித் துறைமுகம் எப்பக்கம் என உணர்ந்து, கரையோரமாகவே திரும்பி டோவரை அடைந்தார். அங்கே ஒருவர் பிரான்சு நாட்டுக் கொடியை அசைத்துத் தரையிறங்கும் இடத்தைக் காட்டினார். கரை, கப்பல், கொடி ஆகிய மூன்றுமே அவருக்கு வழிகாட்டின.

இத்தகைய மனிதரின் அண்டைவீட்டில் வளர்ந்த சிறுவனுக்கு வானில் ஆசை பிறந்ததில் வியப்பில்லை. ஆர்டலோவின் கடற்கரை மணலில் விமானங்கள் வந்து இறங்குவதை அவர் கண்டார். பதினைந்தாம் அகவையில் விமானத்தில் ஏறிச் சிறிது நேரம் பறக்கும் வாய்ப்பும் கிட்டியது. தாமும் ஒருநாள் விமானியாக வேண்டும் என அன்றே உறுதி பூண்டார்.

அவ்வுறுதி நிறைவேறப் பத்தாண்டுகள் ஆயின. 1925இல் இந்தியாவிற்கு வந்து டாட்டா நிறுவனத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே தந்தையை இழந்தார். பம்பாயில் விமானப் பயிற்சிக் கழகம் தொடங்கப்பட்டதும் அதில் சேர்ந்து, நான்கு மணி நேரத்துக்கும் குறைவான பயிற்சிக்குப் பின்னரே தனியாகப் பறந்தார். 1929 பிப்ரவரி 10ஆம் நாள் இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமம் அவர் கைக்கு வந்தது. அதில் எண் 1 எனப் பொறிக்கப்பட்டிருந்தது.

நிலத்தை வாசிக்கும் கலை

உரிமம் பெறுவது எளிது. வழி தவறாமல் செல்வதே அரிது. இதனை நன்குணர, அக்கால விமானி எவ்வாறு வழி கண்டார் என்பதை அறிதல் வேண்டும்.

விமானியிடம் இருந்தவை மூன்றே: நிலப்படம், திசைகாட்டி, கடிகாரம். புறப்படுமுன் படத்தில் இரண்டு ஊர்களுக்கும் இடையே ஒரு நேர்கோடு வரைவார். கோட்டின் திசையை அளந்துகொள்வார். மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் இன்ன நேரத்தில் இன்ன ஆற்றைக் கடப்போம், இன்ன ஊர் இடப்பக்கம் வரும் எனக் கணக்கிட்டுப் படத்தில் குறித்துக்கொள்வார். இவ்வளவும் தாளில் சரியாகவே இருக்கும். வானில் ஏறியதும் காற்று குறுக்கிடும். பக்கவாட்டில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், ஒரு மணி நேரத்தில் விமானம் தன் வழியிலிருந்து 30 கிலோமீட்டர் விலகிவிடும். திசைகாட்டியோ முன்போலவே நிற்கும். எந்தப் பிழையையும் காட்டாது. விமானத்தின் மூக்கு எத்திசை நோக்கியுள்ளது என்பதை அது சொல்லுமேயன்றி, விமானம் எங்கே சென்றுகொண்டிருக்கிறது என்பதைச் சொல்லாது. அருகில் இரும்புப் பொருள் ஏதேனும் இருந்தால் அதன் முள்ளும் சற்றே பிறழும். ஒரே ஒரு பாகை பிழைத்தாலும் 100 கிலோமீட்டர் தொலைவில் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் கிலோமீட்டர் விலகல் நேரும்.

ஆகவே உண்மையைச் சொல்லக்கூடியது கீழேயுள்ள நிலம் ஒன்றே. நிலத்திலும் எல்லா அடையாளங்களும் நம்பத்தக்கவை அல்ல. சிற்றூர்கள் மேலிருந்து நோக்க ஒன்றுபோலவே தோன்றும். ஏரிகள் மழைக்காலத்தில் பெருகிக் கோடையில் மறைந்துவிடும். அந்நாளைய இந்தியச் சாலைகள் பெரும்பாலும் மண்சாலைகள். இருபுறமும் வளர்ந்த மரங்களின் நிழலில் மறைந்துகிடக்கும். நெடுஞ்சாலை எது, மாட்டுவண்டித் தடம் எது என்று பிரித்தறிவது கடினம். இருப்புப்பாதையோ அவ்வாறன்று. கரையெழுப்பி, பாலம் கட்டி, நேராக இழுத்த கோடுபோல் அது கிடக்கும். பருவம் மாறினும் தான் மாறாது. ஐயம் எழுந்தால் விமானி தாழப் பறந்து நிலையத்தின் பெயர்ப்பலகையைப் படித்துவிடலாம். உலகின் பல நாடுகளிலும் விமானிகள் அவ்வாறே செய்தனர்.

இருப்புப்பாதையிலும் இடர்கள் உண்டு. அது இரண்டாகப் பிரியுமிடத்தில் தவறான கிளையைப் பற்றிச் சென்றால் வேறோர் ஊரில் கொண்டுவிடும். மலைப்பகுதியில் தண்டவாளம் சுரங்கவழிக்குள் புகுந்துவிடும். அதனைத் தொடர்ந்து தாழப் பறந்தவர் முன்னே மலைச்சுவர் நிற்கும். மற்றொரு பேரிடரும் இருந்தது. 1922 ஏப்ரல் 7ஆம் நாள் வட பிரான்சின் பிக்கார்டிப் பகுதியில், பனிமூட்டத்தினிடையே, இலண்டனுக்கும் பாரிசுக்கும் இடைப்பட்ட வழியில் எதிரெதிராகத் தாழப் பறந்துவந்த இரண்டு விமானங்கள் மோதி எழுவர் உயிரிழந்தனர். பரந்த வானத்தில் இடமா இல்லை? இருவரும் ஒரே நில அடையாளங்களைப் பற்றிச் செல்ல நேர்ந்ததே ஏதம் ஆயிற்று. சாலையில் செல்லும் வண்டிகளைப் போல விமானங்களும் ஒரே பக்கமாக ஒதுங்கிச் செல்ல வேண்டும் என்ற விதி அதன்பின் வலியுறுத்தப்பட்டது. வழித்தடம் விமானியின் இடப்பக்கம் இருக்குமாறு பறப்பது வழக்கமாயிற்று.

ஆகா கான் பரிசு

இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறந்து செல்லும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசளிப்பதாக 1929இல் ஆகா கான் அறிவித்தார். எத்திசையிலிருந்தும் புறப்படலாம், குறித்த காலத்துக்குள் பயணத்தை முடிக்க வேண்டும். மூவர் முன்வந்தனர். மன்மோகன் சிங் என்பவர் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு, ஐரோப்பாவின் மீதே வழி தவறித் திரும்ப நேர்ந்தது. அவர் துணிவில் குறைந்தவர் அல்லர். விடாது முயன்று இந்தியாவை வந்தடைந்தார். எனினும் குறித்த காலம் கடந்துவிட்டதால் பரிசு கிட்டவில்லை. இரண்டாமவர் பதினேழே வயதான ஆஸ்பி எஞ்சினியர். அவரும் இங்கிலாந்திலிருந்து கிளம்பினார். மூன்றாமவரான டாட்டா எதிர்த்திசையில், 1930 மே 3ஆம் நாள் கராச்சியிலிருந்து ஜிப்சி மாத் என்னும் திறந்த விமானத்தில் புறப்பட்டார்.

பாரசீக வளைகுடாவின் கரையைப் பற்றிச் சென்றால் ஈராக் வரை வழி தவற இடமில்லை. அதற்கப்பால் விரிந்துள்ளது பாலைவனம். அங்கே ஆறும் இல்லை, ஊரும் இல்லை, இருப்புப்பாதையும் இல்லை. இதனால் 1921இல் பிரிட்டிஷ் வான்படையினர் விந்தையான ஒரு வேலையைச் செய்திருந்தனர். அம்மானுக்கும் பாக்தாத்துக்கும் இடைப்பட்ட பாலையில், ஊர்திகளின் சக்கரத் தடங்களும் ஏரால் உழுத சாலும் வானத்திலிருந்து தெரியும்படி பல நூறு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கோட்டினை உண்டாக்கினர். உழவர் பயிருக்காக உழுவர். இவர்கள் விமானிகள் வழி காண்பதற்காக உழுதனர். அடையாளம் இல்லாத நிலத்தில் அடையாளத்தைப் படைத்தாலன்றிப் பறக்க இயலாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தேவையில்லை.

டாட்டா எகிப்தில் அலெக்சாந்திரியாவுக்கு அருகில் அபூகிர் என்னும் இடத்தில் இறங்கினார். எதிர்த்திசையில் வந்த ஆஸ்பியும் அங்கேதான் இருந்தார். அவருடைய எஞ்சினில் தீப்பொறி எழுப்பும் பிளக்குகள் பழுதுபட்டிருந்தன. மாற்றுப் பிளக்குகள் அவரிடம் இல்லை. அவை வந்து சேரும்வரை அவர் அங்கேயே தங்கியிருந்தால் பரிசு டாட்டாவுக்கே உரியதாகும். டாட்டாவிடம் உபரிப் பிளக்குகள் இருந்தன. அவர் தயங்காமல் அவற்றைப் போட்டியாளருக்குக் கொடுத்துவிட்டுத் தம் வழியே சென்றார். ஆஸ்பி மே 11ஆம் நாள் கராச்சியை அடைந்து பரிசை வென்றார். டாட்டா இலண்டனை அடைந்தபோது சிறு கால வேறுபாட்டில் பரிசு கைநழுவியிருந்தது. ஆஸ்பி பிற்காலத்தில் இந்திய வான்படையின் தலைமைத் தளபதியாக விளங்கினார்.

கராச்சியிலிருந்து சென்னை வரை

அந்நாளில் இங்கிலாந்திலிருந்து வரும் வானஞ்சல், இம்பீரியல் ஏர்வேஸ் விமானத்தில் வாரம் ஒருமுறை கராச்சிக்கு வந்து சேரும். அங்கிருந்து தென்னகத்துக்கு உரிய கடிதங்கள் இரயிலில் பல நாள் பயணம் செய்ய வேண்டியிருந்தது. வானில் விரைந்து வந்த கடிதம் தரையில் காலம் தாழ்த்தியது. இக்குறையைப் போக்கும் திட்டத்தோடு டாட்டாவிடம் வந்தவர் நெவில் வின்சென்ட். இவர் பிரிட்டிஷ் வான்படையில் பணியாற்றியவர். மக்களை விமானத்தில் ஏற்றிப் பறக்கக் காட்டியபடி இந்தியாவின் பல பகுதிகளைச் சுற்றி வந்தவர். அரசு உதவித்தொகை தர இசையவில்லை. உதவித்தொகை இன்றியே நடத்துவதாகக் கூறியபின், 1932 ஏப்ரலில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இரண்டு பஸ் மாத் விமானங்கள், ஒருசில பணியாளர்கள், பம்பாய் ஜூகுவில் ஓலை வேய்ந்த ஒரு கொட்டகை ஆகியவற்றோடு நிறுவனம் தொடங்கியது.

1932 அக்டோபர் 15ஆம் நாள் காலை 6 மணி 35 நிமிடத்துக்கு, கராச்சியின் டிரிக் ரோடு விமானத்தளத்திலிருந்து அஞ்சல் பைகளுடன் டாட்டா தனியாகப் புறப்பட்டார். பைகளின் எடை 30 கிலோவை எட்டவில்லை. ஆயினும் அச்சிறு சுமைக்குள் எத்தனையோ குடும்பங்களின் செய்திகளும் வணிகர்களின் கணக்குகளும் இருந்தன. வழி தவறி எங்கேனும் இறங்க நேர்ந்தால் அவை அனைத்தும் அங்கேயே கிடக்கும். புதிய நிறுவனத்தின் நற்பெயரும் அன்றே முடிந்துவிடும்.

பஸ் மாத் விமானத்தின் இறக்கை விமானியின் தலைக்கு மேலே அமைந்தது. கீழே நோக்குவதற்குத் தடையில்லை என்பது இவ்வேலைக்கு ஒரு பெரும் வசதி. கராச்சியிலிருந்து அகமதாபாத் செல்லும் வழி கிழக்கும் சற்றே தெற்கும் நோக்கியது. எழுகின்ற கதிரவன் விமானியின் கண்ணெதிரே நிற்பான். முதலில் சிந்து ஆற்றின் கழிமுகம். நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிந்து கடலில் கலக்கும் ஈரநிலம். அதனைத் தாண்டியதும் கட்ச்சின் உவர்நிலம். மழைக்காலத்தில் நீர்ப்பரப்பாகவும் வறண்டபின் வெண்ணிற உப்புப் பரப்பாகவும் காட்சியளிக்கும் அவ்விடத்தில் ஊரோ மரமோ பாதையோ தென்படாது. அங்கே திசைகாட்டியையும் கடிகாரத்தையும் நம்பியே செல்ல வேண்டும். மறுபக்கத்தில் வயல்களும் இருப்புப்பாதையும் தோன்றும்போதுதான் காற்று தம்மை எவ்வளவு தள்ளியுள்ளது என்பது விமானிக்குப் புலப்படும். பின்னர் சபர்மதி ஆறு வரும்; அதன் கரையில் அகமதாபாத்.

அங்கே எரிபொருள் வந்த விதம் நினைவில் கொள்ளத்தக்கது. அக்காலத்தின் மிகப் புதிய ஊர்திக்கு வேண்டிய பெட்ரோல், தகர டப்பாக்களில் அடைக்கப்பட்டு மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தது.

அகமதாபாத்துக்குத் தெற்கே வழி எளிதாகும். பம்பாய் செல்லும் இருப்புப்பாதை ஒருபுறம், கடற்கரை ஒருபுறம் எனக் கோடுகள் இரண்டு துணைவரும். ஒரு கோடு மட்டும் இருந்தால் விமானி தாம் அதன்மீது இருப்பதை அறிவாரேயன்றி, எவ்வளவு தொலைவு வந்துள்ளார் என்பதை அறியார். இரண்டு கோடுகள் குறுக்கிடுமிடமே ஐயமற்ற புள்ளி. இவ்வழியில் அத்தகைய புள்ளிகள் வரிசையாக அமைந்துள்ளன. மகி ஆற்றுப் பாலம், பரூச் நகரில் அகன்ற நருமதையின் பாலம், சூரத்தில் தபதியின் பாலம் என ஒவ்வோர் ஆறும் இருப்புப்பாதையைக் குறுக்கே வெட்டி, விமானிக்கு இன்ன இடம் எனக் கூறும். ஆறுகளின் பெயர்களை வடக்கிலிருந்து தெற்காக மனப்பாடம் செய்தவருக்குப் படமே வேண்டியதில்லை எனலாம். பின்னர் வைதரணா, வசாய்க் கழி ஆகியவற்றைத் தாண்டினால் பம்பாய்த் தீவின் வடபகுதி தெரியும். பிற்பகல் 1 மணி 50 நிமிடத்துக்கு டாட்டா ஜூகுவின் சேற்றுத் தரையில் இறங்கினார். பயணம் ஏழு மணி நேரத்துக்குச் சற்றே மிகுதியாக நீடித்திருந்தது.

அங்கே காத்திருந்த வின்சென்ட் தென்னாட்டுக்குரிய பைகளை மற்றொரு விமானத்தில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். இரவில் நிலம் தெரியாது. நிலம் தெரியாவிடில் வழியும் தெரியாது. ஆதலின் அவர் பெல்லாரியில் இரவு தங்கி, மறுநாள் சென்னையை அடைந்தார். இந்தியாவின் முதல் வான்பணி நிறுவனம் இவ்வாறு பிறந்தது.

மழைக்காலச் சோதனை

நல்ல வானிலையில் ஒருமுறை பறப்பது வேறு. வாரந்தோறும் தவறாமல் பறப்பது வேறு. சென்னையிலிருந்து திரும்பும் அஞ்சல், கராச்சியில் இலண்டன் விமானத்தை உரிய நேரத்தில் எட்டாவிடில் ஒரு வாரம் அங்கேயே தேங்கிவிடும்.

தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் ஜூகுத் தளம் நீரில் மூழ்கியது. விமானங்களைப் புனேயில் எரவாடாச் சிறைக்கு அருகிலிருந்த திடலுக்கு மாற்றினர். மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிகளை மேகம் மூடிவிடும். மேகத்துக்கு மேலே சென்றால் நிலம் மறையும்; கீழே சென்றால் மலை எதிர்ப்படும். மழைத்திரை விலகும் இடைவெளியைக் கண்டு, தெரிந்த ஆற்றையோ கணவாயையோ அடையாளமாகக் கொண்டு கடப்பதன்றி வேறு வழியில்லை. முன்செல்வதற்குத் துணிவு வேண்டும். திரும்பிவிடுவதற்கு அதனினும் மிகுந்த தெளிவு வேண்டும்.

இந்நிலையிலும் 1933-34ஆம் ஆண்டுக்கான அரசு வான்போக்குவரத்துத் துறையின் அறிக்கை, டாட்டா நிறுவனத்தின் அஞ்சல் பணி நூற்றுக்கு நூறு நேரந்தவறாமல் நடந்தது எனப் பாராட்டியது. மலைகளைக் கடக்கவேண்டிய கடும் மழை மாதங்களும் அதில் அடங்கும். முதல் முழு ஆண்டில் இவ்விமானங்கள் 1,60,000 மைல் பறந்து, 155 பயணிகளையும் ஏறத்தாழ 10 டன் அஞ்சலையும் கொண்டு சென்றன. 60,000 ரூபாய் இலாபமும் கிடைத்தது. தொகை சிறிதே, எனினும் உதவித்தொகை மறுத்தவர்களுக்கு அது தக்க விடையாயிற்று.

பிற்கால வாழ்க்கை

1938இல் டாட்டா குழுமத்தின் தலைவராகப் பொறுப்பேற்றபின் அவருடைய பணிகள் பன்மடங்காயின. வழித்தோழர் வின்சென்ட் 1942இல் போர்க்காலப் பயணம் ஒன்றில் விமானத்தோடு மறைந்தார். நிறுவனம் 1946இல் ஏர் இந்தியா எனப் பெயர் பெற்றது. 1948 ஜூன் 8ஆம் நாள் மலபார் பிரின்சஸ் என்னும் நான்கு எஞ்சின் விமானம் பம்பாயிலிருந்து இலண்டனுக்குப் பறந்தது. 1953இல் அரசு வான்போக்குவரத்தை நாட்டுடைமையாக்கியது. எனினும் ஏர் இந்தியாவின் தலைமைப் பொறுப்பில் டாட்டாவே 1978 வரை நீடித்தார். 1992இல் பாரத ரத்னா விருது அவருக்கு வழங்கப்பட்டது.

முதல் அஞ்சல் பயணத்தின் முப்பதாம் ஆண்டு நிறைவில், 1962இல், கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அவர் மீண்டும் பழைய சிறு விமானம் ஒன்றில் பறந்தார். ஐம்பதாம் ஆண்டு நிறைவு 1982இல் வந்தபோது அவருக்கு வயது 78. அவ்வயதிலும் லெப்பர்டு மாத் என்னும் ஒற்றை எஞ்சின் விமானத்தை அதே வழியில் தாமே ஓட்டி வந்தார். அவர் முதன்முறை கடந்த நிலத்தின் குறுக்கே அப்போது இரு நாடுகளின் எல்லை அமைந்திருந்தது. உவர்நிலமும் நருமதையும் தபதியும் இருந்த இடத்திலேயே இருந்தன.

ஜே. ஆர். டி. டாட்டா 1993 நவம்பர் 29ஆம் நாள் ஜெனீவாவில் காலமானார். பிறந்த ஊராகிய பாரிசில், பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.